கசற்றுக்குள் இருக்கும் ஊர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடைக்கு வந்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று சபை எதிர்பார்ப்பது வழமை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் வடையும் பாயாசமும் இருக்கின்றன என்று சமையற் பகுதியிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. அந்த நேரத்தில் சீனியைப் பற்றிப் பேசுவது பாவம். ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் வேறொரு விடயத்தை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வகுப்பு எங்கே கூடினாலும், கொழும்பிலென்றாலும் லண்டனிலென்றாலும், ஒரு கட்டத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். அரசியலாலும் அல்ல, சமயத்தாலும் அல்ல. யாராவது ஒருத்தி பழைய நகைச்சுவைக் கசற் ஒன்றைப் போட்டுவிடுவாள். பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மற்றப் பாதிப் பேர் முகத்தைச் சுழித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விடுவார்கள். முப்பது வருடமாக இது நடக்கிறது. இந்தச் சிரிப்புக்கும் இந்தச் சுழிப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் எந்தக் கசற் என்று இளைய தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் ஊர் மனிதர்களைப் பாத்திரங்களாக வைத்து, கதை சொல்லிச் சிரிக்க வைத்த ஒலிப்பதிவுகள் அவை. அவற்றின் வேர் மிகவும் பழையது. எங்கள் கூத்துகளிலும் இசை நாடகங்களிலும் கோமாளியும் பபூனும் வந்து, அரசனும் அமைச்சனும் செந்தமிழில் பேசி முடித்த விடயத்தை ஊர்த் தமிழில் பேசிச் சபையைச் சிரிக்க வைப்பார்கள். லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து பின்னர் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, 1940இல் 'நானாடகம்' என்ற நூலை வெளியிட்டார். வடமராட்சிப் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்த நாடகங்கள் அவை. அவ்வளவு படித்தவர் இப்படி எழுதலாமா என்று புருவம் உயர்த்தியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

பிறகு வானொலி வந்தது. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' போன்ற தொடர்கள் எங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் பிரபலம். கந்தையாவாகக் குரல் கொடுத்த 'சானா' சண்முகநாதனின் பெயரைச் சொன்னால் இந்தச் சபையில் முன்வரிசையில் இருக்கும் அம்மாமார் சிலரின் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது. அதற்குப் பின் முகத்தார் ஜேசுரட்ணத்தின் 'முகத்தார் வீடு'. மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயர் அப்துல் ஹமீட் ஆகிய நால்வரும் சேர்ந்த 'கோமாளிகள்'. அது 1976இல் திரைப்படமாகவும் வந்தது. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் தனிநடிப்பு 'அண்ணை றைற்'. கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த சின்னமணியின் வில்லிசை. இவையெல்லாம் மேடையிலும் வானொலியிலும் பிறந்து, பிறகு கசற்றில் ஏறி, கசற்றிலிருந்து கசற்றுக்குப் பிரதி எடுக்கப்பட்டு, இரைச்சல் கூடக்கூட ஊர் ஊராகப் பரவியவை.

'அண்ணை றைற்' என்பது பஸ் கொண்டக்டர் சாரதிக்குக் கொடுக்கும் குரல் என்பதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகு, சந்தைக்குப் போகிற ஆச்சியும் கந்தோருக்குப் போகிற கிளாக்கரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போனார்கள். ஊர் முழுவதும் ஒரு கூரையின் கீழ் வருகிற இடம் கோயிலுக்கு அடுத்தபடி பஸ்தான். தனி ஒரு மனிதர் மேடையில் நின்று அந்த பஸ் முழுவதையும் எங்கள் கண்முன் ஓட வைத்தார்.

எங்கள் வகுப்புக்கு இந்தக் கசற்றுகள் வேறொரு காரணத்துக்காகவும் நெருக்கமானவை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கத்துக்கு நிகர். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவையும் கசற் பிளேயரையும் இயக்கினோம். ஒருத்தர் சுற்றவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் கசற்றில் பேசுகிறவரின் குரலும் தளர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கும். அதற்கும் சிரிப்போம். கசற்றைப் பின்னால் சுற்றுவதற்கு மின்சாரத்தைச் செலவழிக்க மாட்டோம்; துளைக்குள் பேனையைச் செருகிக் கையால் சுற்றுவோம். பங்கருக்கு ஓடிப்போய் வந்து, நிறுத்திய இடத்திலிருந்து திரும்பக் கேட்ட இரவுகளும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, சான்றிதழ்களோடும் நகையோடும் ஒரு கசற்றையும் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் எங்கள் வகுப்பிலே இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றை ஏன் வெறுக்க வேண்டும்? வெறுப்பவர்களிடம் காரணம் இருக்கிறது. அதை மரியாதையோடு கேட்க வேண்டும்.

முதற் காரணம் மொழி. 1960களின் தொடக்கத்தில் எங்கள் நாட்டில் 'மரபுப் போராட்டம்' என்ற ஒன்று நடந்தது. கதைகளில் ஊர்ப் பேச்சை எழுதிய எழுத்தாளர்களைப் பார்த்து, இது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் சிலர் சொன்னார்கள். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர்களின் பக்கம் நின்றார்கள். இலக்கியத்தில் அந்த வாதம் முடிந்து பல காலம். எங்கள் குடும்பங்களில் அது முடியவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி லண்டனில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். அவள் இந்தக் கசற்றுகளை வகுப்பில் போடவே மாட்டாள். அவள் பண்டிதை அல்ல. ஊர்ப் பேச்சை வெறுப்பவளும் அல்ல. அவள் சொல்வது இதுதான். அங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழ் என்பது வாரத்தில் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் கத்திப் பேசுகிற கிழவனையும் ஏமாறுகிற கிராமத்தானையும் காட்டினால், இது சிரிப்பதற்கான மொழி, யோசிப்பதற்கு ஆங்கிலம் இருக்கிறது என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். அம்மம்மா ரெலிபோனில் பேசும்போது பின்னால் நின்று அதே குரலில் பேசிக்காட்டும். அவள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள்.

இரண்டாவது காரணம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது. காது கேளாத கிழவி, வாய் கொன்னுகிறவர், விசர் என்று பெயர் எடுத்தவர், இவர்கள் இந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவார்கள். எங்களில் வைத்தியத் துறைக்குப் போனவர்களுக்கு இது வெறும் பாத்திரம் அல்ல. காது மந்தமான ஒருவர், கேட்டதைத் திரும்பக் கேட்டால் சிரிப்பார்களே என்று தலையை ஆட்டிவிட்டுப் போய், குளிசையைப் பிழையான நேரத்தில் போட்டுக்கொண்டு வருவதைக் கண்டிருக்கிறோம். கொன்னுகிற பிள்ளையின் தாய், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வைத்த பட்டத்தை எங்களுக்குச் சொல்ல முடியாமல் அழுததையும் கண்டிருக்கிறோம். போர் முடிந்து இத்தனை வருடமான பிறகும், மன நோய்க்கு மருந்து எடுக்க வருகிறவர்கள் ஊரில் வேறு காரணம் சொல்லிவிட்டுத்தான் கிளினிக்குக்கு வருகிறார்கள். 'விசர்' என்ற சொல் கசற்றில் எத்தனை தரம் சிரிப்பை எழுப்பியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம், எங்களைப் போன்ற ஒரு பெண்கள் கல்லூரியில் கட்டாயம் பேச வேண்டியது. வானொலித் தொடர்களில் பெண் கலைஞர்கள் இருந்தார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை மறக்க முடியுமா? ஆனால் தனிநடிப்பிலும் மேடைச் சிரிப்பிலும் மனைவி, மாமி, பக்கத்து வீட்டுப் பெண் என்று எல்லோரும் ஓர் ஆணின் கீச்சுக் குரலில்தான் வந்தார்கள். நச்சரிக்கிறவள், நகை கேட்கிறவள், வம்பு அளக்கிறவள் என்று மூன்று வகைதான். நாள் முழுவதும் அடுப்படியிலும் கிணற்றடியிலும் ஊரைச் சிரிக்க வைத்த பெண்களின் கதை சொல்லும் திறமை அந்த நாடாக்களில் ஏறவில்லை.

நான்காவது காரணத்தைச் சொல்லத் தயங்கினோம். இருந்தாலும் சொல்ல வேண்டும். 'கோமாளிகள்' நால்வரில் ராமதாஸ் முஸ்லிம் மரைக்காராக வருவார். அப்துல் ஹமீட் ஐயராக வருவார். செல்வசேகரன் சிங்களச் சாயல் கலந்த தமிழ் பேசுவார். ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். ஒருவரின் பேச்சை மற்றவர் எடுத்துக்கொண்டு, ஒரே மேசையில் இருந்து அடித்துக்கொள்ளாமல் சிரித்த ஒரு காலம் அது. அந்த நால்வரின் நட்பில் பொய் இல்லை என்றே நம்புகிறோம். ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு இங்கே வளர்ந்த எங்கள் வயதுப் பிள்ளைகள் பலருக்கு முஸ்லிம் மக்களின் தமிழ் காதில் விழுந்த ஒரே இடம் அந்தச் சிரிப்புக் குரல்தான். பக்கத்துத் தெருவில் ஆள் இல்லை. கசற்றில் குரல் மட்டும் இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் அந்தப் பேச்சை உடைய தோழிகளைச் சந்தித்தபோது, அவர்கள் துக்கத்தை அந்த மொழியில் சொல்லக் கேட்டபோதுதான், அது அழவும் தெரிந்த மொழி என்பது எங்கள் காதுக்கு எட்டியது. கசற் அதே கசற்தான். சுற்றியிருந்த மனிதர்கள் இல்லாமற் போனதும் அதன் பொருளே மாறிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறோம். அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றாள். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஆறாம் வகுப்பின் நடுவில் எங்களோடு சேர்ந்தவள். அவளுடைய பேச்சில் ஓர் இழுவை இருந்தது. எங்கள் வகுப்பில் யாரும் பாவிக்காத சொற்கள் இருந்தன. ஒரு வாரத்துக்குள் கசற்றில் வருகிற ஆச்சி ஒருத்தியின் பெயர் அவளுக்குப் பட்டமாக விழுந்துவிட்டது. அவள் வாய் திறந்தால் பின்வாங்கிலிருந்து அந்த ஆச்சி பேசுவாள். அதன் பிறகு இரண்டு தவணைக்கு, விடை தெரிந்திருந்தும் அவள் வகுப்பில் எழும்பியதில்லை. ஒரு வருடத்துக்குள் அவளுடைய பேச்சு மாறிவிட்டது; இழுவை போய்விட்டது. நன்றாக முன்னேறிவிட்டாள் என்று தவணை அறிக்கையில் எழுதப்பட்டது.

இன்று அவள் வடக்கு ஐரோப்பிய நாடொன்றில் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். எங்கள் வகுப்பில் அந்தக் கசற்றுகளை முழுமையாகச் சேர்த்து வைத்திருப்பவள் அவள்தான். இரவு வேலை முடிந்து பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது கேட்பாளாம். எப்படியடி உன்னால் கேட்க முடிகிறது என்று ஒருத்தி கேட்டதற்கு அவள் சொன்ன விடைதான் எங்கள் முப்பது வருட வாதத்தைத் திருப்பிப் போட்டது. கசற்றில் பேசுகிற மனிசன் ஒருநாளும் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றாள். அந்த மனிசனின் ஆச்சி தன்னுடைய அப்பாச்சி மாதிரியே பேசுகிறாள். அப்பாச்சியின் குரல் இப்போது அந்த ஊரிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. இந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. சிரிப்பு வந்தது வகுப்பறையிலிருந்து என்றாள்.

அந்த விடையை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தோம்.

சிரிப்பைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் றொபேட் புறொவைன் ஒரு விடயத்தைக் கண்டறிந்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். நகைச்சுவையைவிடக் கூட்டம்தான் சிரிப்புக்கு முக்கியம் என்று அதற்குப் பொருள். இதை எங்கள் வில்லிசைக் கலைஞர்கள் எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். கோயில் வீதியில் பாய் விரித்து முன்னால் இருப்பவர்கள் யார் என்று பார்த்துத்தான் கதையை வளைப்பார்கள். ஊரில் நேற்று யாருடைய வீட்டில் செத்தவீடு என்று தெரிந்தால் அந்தப் பகிடியை விட்டுவிடுவார்கள். காது கேளாத கிழவியைப் பற்றிக் கதை சொல்கிறவருக்கு, அதே கிழவி முன்வரிசையில் இருக்கிறாள் என்பது தெரியும். விடிந்தால் அவள் வீட்டு வாசலால்தான் அவர் போகவேண்டும். பகிடி எல்லை தாண்டினால் கேட்க ஆள் இருந்தது. அந்தப் பயமும் அந்த உறவும் சேர்ந்துதான் அந்தக் கலையைச் செம்மைப்படுத்தின.

கசற் என்ன செய்தது? குரலை எடுத்துக்கொண்டு முன்வரிசையை விட்டுவிட்டு வந்தது. கிழவி வரவில்லை, கிழவியைப் பற்றிய பகிடி மட்டும் ஊர் விட்டு ஊர் வந்தது. அந்தக் கிராமத்தையே காணாதவர்களின் கையில் அது போய்ச் சேர்ந்தபோது, ஊர் தன்னைப் பார்த்துத் தானே சிரித்த சிரிப்பு, பட்டணம் ஊரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக மாறியது. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி அனுப்பும்போது கதையும் போய்விடுகிறது. கதையில் கடைசியில் வெல்கிறவள் அந்த ஆச்சிதான் என்பது வெட்டின துண்டில் இல்லை. மிஞ்சுவது அவள் கத்துகிற சத்தம் மட்டும்.

ஆகவே சிரித்தவர்களும் சரி, சுழித்தவர்களும் சரி, இரண்டு வேறு பொருட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு பகுதி கூட்டத்தோடு கேட்டதை நினைத்துக்கொண்டு வாதாடியது. மறு பகுதி கூட்டம் இல்லாமல் கேட்டதை நினைத்துக்கொண்டு வாதாடியது.

இந்த நாடாக்களை விட்டுவிடக் கூடாது என்று எங்கள் தொழிலிலிருந்து ஒரு காரணம் சொல்கிறோம். நாங்கள் மருத்துவத்தை ஆங்கிலத்தில் படிக்கிறோம். வாட்டுக்குள் போகும் முதல் நாளே ஒரு பெரியவர், தம்பி, பிள்ளை, காலுக்குள் உளையுது என்பார். இன்னொருவர் கடுக்குது என்பார். மூன்றாமவர் விறைக்குது என்பார். நாலாமவர் குத்துது, எரியுது என்பார். இவை ஒன்றல்ல. உளைவு ஆழத்தில் மந்தமாக இருக்கும் நோவு. விறைப்பு உணர்ச்சி குறைவது. நீரிழிவுக்காரர் அதைச் சொன்னால் அவருடைய பாதத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'கால் நோ' என்று எழுதிவிட்டுப் போகிற வைத்தியர், நோயாளி கையில் கொடுத்த விடையை நிலத்தில் போட்டுவிட்டுப் போகிறார். தொய்வு, முட்டு, சலக்கடுப்பு, சத்தி, வயித்தாலை போகுது, கண் இருட்டிக்கொண்டு வருகுது என்று ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு ஒரு பரிசோதனை அறிக்கை. மட்டக்களப்பில் வேலை செய்யப் போன எங்கள் தோழிகளுக்கு 'மறுகா' என்றால் பிறகு என்று விளங்குவதற்கே சில நாள் பிடித்தது.

வைத்தியசாலை ஓய்வறைகளில் கிராமத்து நோயாளியின் பேச்சைத் திரும்பப் பேசிக்காட்டிச் சிரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதே சொற்களை உற்றுக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்கும் வைத்தியர்களும் உண்டு. இரு பகுதியினருக்கும் அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். ஒருவர் அதை வேடிக்கை பார்க்கிறார், மற்றவர் காது கொடுக்கிறார். கசற் விடயத்திலும் வேறுபாடு இதுதான்.

இன்னொன்றும் உண்டு. மறதி நோய் வந்த முதியவர்களுக்கு அண்மையில் நடந்தவை முதலில் மங்கும். இளமைக்கால நினைவுகள் நீண்ட நாள் தங்கும். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழிக்குத் திரும்புகிறவர்களும் பலர். றொரன்ரோவிலும் லண்டனிலும் முதியோர் இல்லங்களில் இருக்கும் எங்கள் தாய் தந்தையரில் சிலர் இன்று அந்த நிலையில் இருக்கிறார்கள். தாதி கேட்கும் ஆங்கிலக் கேள்விக்குப் பதில் வராது. பேரப்பிள்ளையின் தமிழும் அவர்களுக்கு அந்நியமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பழைய வானொலி நாடகம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இது மருந்தல்ல, நோயை மாற்றாது. ஆனால் பஸ் கொண்டக்டரின் குரல் கேட்டதும், எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று ஒருவர் தெளிவாகக் கேட்டதை எங்களில் ஒருத்தி கண்டிருக்கிறாள். அந்த மாலை அவர் பிள்ளைகளோடு பேசினார்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? மூன்று வேண்டுகோள்களை இந்தச் சபையின் முன் வைக்கிறோம்.

ஒன்று, வீட்டில் இருக்கும் கசற்றுகளை எறிய வேண்டாம். ஒலிநாடாவின் காந்தப் பூச்சு காலப்போக்கில் உதிரும். எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கசற்றைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நாடாவும் கெடும், பிளேயரும் கெடும். விடயம் தெரிந்தவர்களிடம் கொடுத்து எண்ணிம வடிவத்துக்கு மாற்றுங்கள். 2005இலிருந்து எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் சேகரித்துவரும் நூலகம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. கொடுக்கும்போது யார் பேசுகிறார்கள், எங்கே, எப்போது பதிந்தது, யாருடைய வீட்டில் இருந்தது என்று நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். இந்தக் கலைஞர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாலச்சந்திரன் 2014இல் புலம்பெயர்ந்த மண்ணில் காலமானார். சின்னமணியின் வில்லும் அடுத்த ஆண்டில் ஓய்ந்துவிட்டது.

இரண்டு, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். துண்டாக வெட்டாமல் முழுக்கதையையும் போடுங்கள். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ பக்கத்தில் இருத்துங்கள். விளங்காத சொல் வந்தால் நிறுத்தி அவரிடம் கேளுங்கள். பகிடி புண்படுத்துகிற இடம் வந்தால் அதையும் நிறுத்திச் சொல்லுங்கள்: இந்த இடத்தில் அந்தக் காலத்தில் சிரித்தார்கள், காது கேளாத ஒருவர் இங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். முன்வரிசையைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. லண்டனில் படிப்பிக்கும் எங்கள் தோழி இதைக் கேட்டுவிட்டு, பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்தால் ஒருவேளை போட்டுப் பார்க்கலாம் என்றாள். ஒருவேளை என்ற சொல்லை அவள் அழுத்தித்தான் சொன்னாள். எங்களுக்கு அதுவே போதும்.

மூன்று, நாடாவில் ஏறாமற்போன குரல்களை இப்போதாவது பதியுங்கள். உங்கள் அம்மா, மாமி, பெரியம்மா கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறவராக இருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்டு, கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கதைக்க விடுங்கள். இடையில் திருத்தாதீர்கள். மைக்கைக் கண்டதும் அவர் செந்தமிழுக்கு மாறப் பார்ப்பார். வழக்கம்போலச் சொல்லுங்கோ என்று சொல்லுங்கள். தீவுப்பகுதி, வடமராட்சி, வன்னி, மட்டக்களப்பு, மன்னார், மலையகம், முஸ்லிம் ஊர்கள் என்று இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த எல்லாப் பேச்சும் அதில் இருக்க வேண்டும். நூறு வருடமாக இந்த மண்டபத்தில் எத்தனையோ பேச்சுப் போட்டிகள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பரிசு வாங்கியது ஒரே தமிழ்தான். அடுத்த நூறு வருடத்தில் ஒரு பரிசையாவது, வீட்டில் பேசுகிற பேச்சில் நல்ல கதை சொல்கிற பிள்ளைக்குக் கொடுக்கச் சங்கம் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்கிறோம். அந்தக் கிண்ணத்துக்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.

அந்தத் தீவகத் தோழியிடம் இந்த யோசனையைச் சொன்னோம். முதற் போட்டிக்கு நடுவராக வா என்றோம். வருகிறேன் என்றாள். பேச்சைத் திருத்தாமல் வருகிறேன் என்றாள்.

பாயாசம் ஆறுகிறது. ஒரு கோப்பை மட்டும் எடுங்கள்.